பைகளுக்குக் காவல்

சடுகுடு சடுகுடு என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போவது பூங்கோதைதானா என்று நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமாகவே இருந்தது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், அவளேதான், கோலாலம்பூரில் வாங்கிய தொளதொளத்த நீலச் சட்டையும் கணுக்கால் வரைக்கும் கால்சராயும் போட்டுக்கொண்டு, முடியை உச்சியில் அள்ளி முடிந்துகொண்டு, ஐம்பத்தாறு வயதில், லங்காவித் தீவின் மணலில் நின்று எதிராளிகளைக் கையை வீசி வீசி விரட்டுகிறாள். ஈரோட்டில் பதினோராம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் பூங்கோதை டீச்சர். காலை யாரோ பிடித்து இழுக்க, விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கையை எட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டு, மல்லாந்து கிடந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் உட்கார்ந்திருந்த சவுக்கு மரத்தடி வரைக்கும் வந்து சேர்ந்தது. இது யாருடைய சிரிப்பு? இவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது? இதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்தார், கல்யாணமான புதிதில், ஒருவேளை, பவானி ஆற்றுப் படித்துறையில் ஒரு தடவை, இல்லை, அது சிரிப்பில்லை, கால் வழுக்கியதில் போட்ட சத்தம். அவரைச் சுற்றிலும் பைகள் கிடந்தன. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த ஆசிரியைகள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், எல்லோருடைய பைகளும் செருப்புகளும் கண்ணாடிகளும் தண்ணீர் பாட்டில்களும். பேருந்தை விட்டு இறங்கியதுமே, "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று அவராகச் சொல்லிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் ரயில் ஓட்டியவருக்கு ஒரு பொறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வசதி. வெறுங்கையோடு ஒரு கடற்கரையில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

நாளைக்கு இந்நேரம் விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அப்புறம் ஊர். அப்புறம் அவள் போய்விடுவாள். போய்விடுவாள் என்றால் என்ன, தாளவாடி என்ன தேசாந்திரமா, சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலை ஏறினால் அந்தப் பக்கம், அதே ஈரோடு மாவட்டம், ஆனால் தினமும் போய்வர முடியாது, அங்கேயே வீடு பார்த்துத் தங்கித்தான் ஆக வேண்டும். தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு. அவளுக்கு இது முன்பே இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள், பையன் படித்துக்கொண்டிருந்தான், இவர் எந்த நேரத்தில் வருவார் எந்த நேரத்தில் போவார் என்று ரயில்வேக்கே தெரியாது. இப்போது பையன் புனேயில். இவர் வீட்டில். வரும்போது விமானத்தில், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள், "இந்தத் தடவை எடுத்துக்கலாம்னு இருக்கறேனுங்க. நீங்க இருந்துக்குவீங்கல்ல?" அவர், "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்" எப்படி வந்தது? யோசித்து வந்ததா? இல்லை, அது தானாக வருவது, சாப்பிடறீங்களா என்றால் ம், கதவைச் சாத்திக்கறீங்களா என்றால் ம், அந்தத் தடத்திலேயே இதுவும் போய்விட்டது. அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மேகத்தைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த ஒரு கணத்தில் முழங்கையைத் தொட்டு, இரு, இன்னொரு தடவை கேள், என்று சொல்லியிருக்கலாம். இருந்துக்குவீங்கல்ல. அந்த 'ல்ல'வில் என்ன இருந்தது? இருந்துகொள்வீர்கள் என்று தெரியும், சும்மா கேட்கிறேன் என்பதா? இல்லை, இருந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிடமாட்டீர்களா என்பதா? குகைக் கோவிலில் படியேறும்போதும், கடைத்தெருவில் அவள் ஒரு குடையை விரித்து விரித்துப் பார்த்தபோதும், விடுதி அறையில் அவள் தூங்கிய பின்னும் அந்த 'ல்ல'வையே புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டப் புரட்ட அதன் அர்த்தம் தேய்ந்து, வெறும் ஒரு சத்தமாகிப் போய், மறுபடி முதலிலிருந்து.

"ஏனுங்ணா, பைகளுக்கெல்லாம் கால் மொளச்சு ஓடிருமா? வாங்ணா ஆட்டத்துக்கு!" என்று ருக்குமணி கத்தினாள். அவள் அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை, கழுத்தில் ஊதல் இல்லாமல் வெளிநாட்டுக்கும் வரமாட்டாள். நாச்சிமுத்து கையை ஆட்டினார், வேண்டாம் என்பதாகவும் சரி என்பதாகவும் எடுத்துக்கொள்ளும்படி. பூங்கோதை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் அதைக் கண்டுவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த வாய், அவர் மேல் கண் பட்டதும், தானாக மூடிக்கொண்டது, கை கூட ஒரு முந்தானையைத் தேடுவதுபோல் தோள்வரைக்கும் போய் வந்தது. அப்போது அவருக்குப் புரிந்தது. வேலையில் இருந்தவரைக்கும் வீட்டில் அவர் தூங்குவது எப்போதும் பகலில்தான். சரக்கு ரயிலோ பயணிகள் ரயிலோ ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுத்தால், ஜன்னலுக்குக் கெட்டித் துணி, மிக்ஸி போடக்கூடாது, குழாயைச் சன்னமாகத் திறக்க வேண்டும், பையன் முனகினால் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவாள். "அப்பா தூங்கறாங்க." அந்த வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் கிசுகிசுப்பாக. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் அவள் சிரிப்பது சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கும், அரைத் தூக்கத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தக் குலுங்கும் முதுகைப் பார்த்திருக்கிறார், அழுகிறாளோ என்று ஒரு நொடி நின்றதும் உண்டு. அவருடைய தூக்கத்துக்காக அவள் அந்தச் சிரிப்பை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தாள். இப்போது அவர் தூங்கவில்லை, பகல் முழுக்க விழித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம், மிக்ஸி போடலாம், பாத்திரத்தை உருட்டலாம், ஆனால் அது எல்லாம் மலையேறிப் போகப்போகிறது. அங்கே, தாளவாடிக் குளிரில், யாரோ சின்ன வயசு ஆசிரியை ஏதோ சொல்ல, அறை அதிரச் சிரிப்பாள். பொறாமை என்று சொன்னால் சரியாக இருக்குமா? இல்லாத ஒரு ஆசிரியைமேல், இன்னும் நடக்காத ஒரு சிரிப்புமேல்?

ஓய்வு பெற்று வந்த பிறகு வீடு அவருக்குப் பழகவில்லை. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியாது, ரன்னிங் ரூம் என்று ஊருக்கு ஊர் ரயில்வே கொடுக்கிற தங்கும் அறையில்தான் அவர் பாதி ஆயுசு தூங்கியது, ஜோலார்பேட்டை அறையில் எந்தக் கட்டிலின் கால் ஆடும் என்பதுகூடத் தெரியும். அவள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் வீடு பெரிதாகிவிடும். செய்தித்தாள், தூக்கம் போலொரு மயக்கம், சாப்பாடு, சுவர். அப்புறம் சாயங்காலம். தெருமுனையில் அவளுடைய ஸ்கூட்டி வேகம் குறைவது அவருக்கு இப்போது தெரியும், நூறு ஸ்கூட்டி போனாலும் அதைத் தனியாகப் பிரித்துவிடுவார், எஞ்சின் சத்தத்தில் வாழ்ந்த காது. அந்தச் சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டீ போட ஆரம்பிப்பார், அவள் உள்ளே வரும்போது கொதித்துக்கொண்டிருக்கும், "அட, நீங்களும் இப்பத்தான் குடிக்கறீங்களா" என்பாள், அவரும், ம், என்பார். உனக்காகத்தான் என்று சொன்னால் என்ன? சொல்லத் தெரியவில்லை. சிக்னலைப் பார்த்ததும் பச்சை என்று உரக்கச் சொல்ல வேண்டும், உதவி டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி, இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னால்தான் சிக்னல். எஞ்சினுக்குள் அப்படிக் கத்தியவர், வீட்டு வாசற்படி ஏறியதும் ஏன் ஊமையாகிப் போனார்? ஒரு காலையில், ஊத்துக்குளிக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் புல்லுக்கட்டு. பிரேக் போட்டால் உடனே நிற்கிற வண்டியா அது. ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான் ஒரு டிரைவரால் முடியும், மற்றதெல்லாம் அவள் கையில். கடைசியில் திரும்பிப் பார்த்தாள், இறங்கினாள், போகிற எஞ்சினைப் பார்த்து ஏதோ திட்டினாள்கூட. அன்று பூங்கோதையிடம் சொல்ல வேண்டும் என்று வீடு வரும் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தார். இவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில், பள்ளிக்கு நேரமாகிவிட்டது, "சாம்பார் அடுப்பு மேல இருக்குதுங்க, சுட வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுட வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பற்றி இன்று வரைக்கும் சொல்லவில்லை. அப்படி எத்தனை இருக்கும், வாசலில் வந்து நின்று, ஆள் கடந்து போனதும் உள்ளேயே திரும்பிப் போனவை.

மணலில் நிழல் விழுந்தது. பூங்கோதை. முழங்காலெல்லாம் மணல், மூக்கு வெயிலில் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, குனிந்து தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்தாள், கழுத்தில் தண்ணீர் வழிந்தது. இவ்வளவு கிட்டத்தில். உப்பும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, அவருக்குக் கை நீட்டி அந்தக் கழுத்துத் தண்ணீரைத் துடைக்க வேண்டும்போல் இருந்தது, அறுபது வயதில், பட்டப்பகலில், வெக்கங்கெட்ட ஆசை. "வாழைப்பழப் படகுல போறோமுங்க எல்லாரும். கடைசி நாளாச்சே. வர்றீங்களா?" என்றாள். தூரத்தில் மஞ்சளாக, நீளமாக, காற்றடைத்த ஒரு படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது, அதை ஒரு மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்கும், மேலே குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். "பையெல்லாம் கெடக்குதே" என்று வந்தது. அவள் பாட்டிலை மூடிப் பைக்குள் திரும்ப வைத்தாள். "சரிங்க" என்றாள். போனாள். அவளுடைய காலடிகள் ஈர மணலில் ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊறி, தடம் தெரியாமல் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிவிட்டார்கள், மிதக்கிற சட்டை. யார் எவர் என்று அடையாளம் தெரியாமல் போயிற்று, ஆனால் உச்சியில் முடிந்த அந்தக் கொண்டையை வைத்து அவளைப் பிடித்துவிட்டார், பின்னாலிருந்து இரண்டாவது. மோட்டார் படகு உறுமிக் கிளம்பியது, மஞ்சள் படகு எகிறி எகிறிப் போனது, ருக்குமணியின் ஊதல் கேட்டது, கூச்சல் கேட்டது. கயிறு அறுந்தால்? அறுகாது, தினமும் போகிறார்கள். அவளுக்கு நீச்சல் தெரியுமா? முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளுக்கு நீச்சல் தெரியுமா என்று தெரியவில்லையே. கேட்டதில்லை. மோட்டார் படகு சட்டென்று ஒரு வளைவு போட்டது, மஞ்சள் படகு சாய்ந்தது, கவிழ்ந்தது, எல்லோரும் சிதறிக் கடலில் விழுந்தார்கள். வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள், அதுதான் விளையாட்டு என்று வழிகாட்டி ஹபீப் காலையிலேயே சொல்லியிருந்தார், அது அவருக்கு நினைவிலும் இருந்தது, இருந்தும் எழுந்து நின்றுவிட்டார். ஆரஞ்சுத் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ருக்குமணி. அந்த வழுக்கைத் தலை. அந்த இரட்டைச் சடை. கொண்டை? கொண்டை இல்லை. இன்னொரு தலை, அதுவும் அவளில்லை. கண்ணாடியில் உப்பு படிந்திருந்ததா, கண்தான் மங்கியதா, மறுபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், கொண்டை இல்லை. தண்ணீர் ஏன் இப்படி மினுங்குகிறது. ஹாரன் இல்லை, கையில் அழுத்த ஒன்றுமில்லை. பைகளை விட்டுவிட்டு ஓடினார். செருப்போடு, சட்டையோடு, கைக்கடிகாரத்தோடு, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, "பூங்கோதே!" என்று கத்தினார், அவள் பெயரை அவ்வளவு சத்தமாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை, "பூங்கோதே! பூங்கோதே!" கிணற்றில் நீச்சல் பழகியவர், கிணற்றுத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும், இது முன்னால் வந்து தள்ளியது, பின்னால் போய் இழுத்தது, கால் நழுவி முகத்தில் அலை அறைந்து, மூக்கில் வாயில் காதில் உப்பு, மேலே எது கீழே எது, போகட்டும், அவளைக் காணோம், அவளைக் காணோம்.

சட்டைக் காலரை யாரோ பிடித்துத் தூக்கினார்கள். "ஏனுங்க! ஏனுங்க! என்னாச்சு உங்களுக்கு?" அவிழ்ந்த முடி முகமெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சுச் சட்டைக்குள் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, பூங்கோதை. கொண்டை அவிழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கவிழ்ந்த படகுக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவர் இருமினார், துப்பினார், கண்ணாடியைக் காணவில்லை. அவள் அவரைக் கரைப்பக்கமாக இழுத்து வந்தாள், அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அவளும் உட்கார்ந்தாள். ருக்குமணியும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள், "உங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, போங்க, சித்தெ மூச்சு வாங்கட்டும்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, பூங்கோதை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன்னையக் காணோம்" என்றார்.

"அந்தப் பக்கம் இருந்தேனுங்க. மெதக்கற சட்டை போட்டிருக்கறேனே, எப்படி முழுகறது?"

"காணோம்" என்றார் மறுபடியும். அப்புறம், வாயில் இன்னும் உப்பு இருக்கும்போதே, அது ஆறிப்போவதற்குள், "எனக்கு இருந்துக்கத் தெரியாது, பூங்கோதே."

"எங்கெ?"

"ஊட்டுல. ஏரோப்ளேன்ல கேட்டியே. ம்-னு சொல்லிட்டேன். தெரியாது எனக்கு."

முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஆனால் எடுக்கவில்லை. "அப்ப, போக வேண்டாங்கறீங்களா?" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கண்ணாடி இல்லாமல் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது, ஆனாலும் தெரிந்தது, அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று. ஆமா என்று ஒரு வார்த்தை போதும், மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்துவிடுவாள், முகம் சுளிக்காமல், மறுநாள் காலையில் சாம்பார் வைத்துவிட்டுக் கிளம்பிப் போவாள், சாயங்காலம் தெருமுனையில் அந்த ஸ்கூட்டிச் சத்தம் கேட்கும், தினமும். எவ்வளவு கிட்டத்தில் இருந்தது அது. நாக்கு நுனியில்.

"இல்ல. போ" என்றார்.

"பின்னெ?"

"போன்னு சொல்றது வேற. இருந்துக்குவேன்னு சொல்றது வேற. போன்னு சொல்றது நெசம். இருந்துக்குவேன்னு சொன்னது பொய்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்தது தலையிலிருந்து இறங்கிய தண்ணீரா என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க ம்-னதும் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? நாம இல்லாட்டியும் இவங்களுக்கு ஒண்ணுமில்ல போலன்னு ஆயிருச்சு. சரி, வந்த எடத்துல சிரிச்சுட்டாவது போலாம்னு..." மணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, மறுபடி அள்ளினாள். "எனக்குப் போகணும்னு ஆசையா இருக்குதுங்க. நெசமா."

"தெரியுது."

"சனிக்கெழம சனிக்கெழம வந்துர்றேன்."

"நான் வெள்ளிக்கெழமையே மேல வந்துர்றேன்."

"திம்பத்து வளைவுல உங்களுக்கு வாந்தி வருமே. போன தடவை பஸ்ஸை நிறுத்தினாங்களே."

"வரட்டும்" என்றார்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மேட்டிலிருந்து ஹபீப் கையைத் தட்டிக் கூப்பிட்டார். பைகளை யார் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். "வர்றோமுங்க!" என்று பூங்கோதை திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள், ஆனால் எழவில்லை. அவள் எழட்டும் என்று நாச்சிமுத்து காத்திருந்தார், அவள் எழுந்தால்தான் நாம் எழுவது என்று, அவளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. ஒரு அலை வந்து இடுப்பு வரைக்கும் ஏறியது, திரும்பும்போது உட்கார்ந்திருந்த இடத்து மணலைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மணல்தான் முதலில் கரைந்தது, அந்தப் பள்ளத்தில் அவர் அவள் பக்கமாகச் சரிந்தார், அவள் அவர் பக்கமாகச் சரிந்தாள், ஈரத் தோளும் ஈரத் தோளும் இடித்துக்கொண்டன. அவள் நகரவில்லை. அசைந்தால் நகர்ந்துவிடுவாளோ என்று அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அடுத்த அலைக்குக் காத்திருந்தார்.